பக்கத்து சீட்டு பிரேக்

எங்கள் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் எல்லாமே இரண்டிரண்டு. பிரேக் இரண்டு, கிளட்ச் இரண்டு, உள்கண்ணாடி இரண்டு. ஸ்டீயரிங் மட்டும்தான் ஒன்று. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அந்த ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டியே தங்கள் கையில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும், பாவம். பக்கத்து சீட்டில் இருக்கும் என் கால்தான் வண்டியைக் கிளப்பும், நிறுத்தும், குறுக்கே நாய் வந்தால் நாயையும் காப்பாற்றும். வாய் மட்டும் "சூப்பர், நல்லா ஓட்டறீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும். இது ஏமாற்று இல்லை, தொழில். முதல் வாரத்திலேயே உண்மையைச் சொன்னால் அடுத்த வாரம் யார் வருவார்கள்?

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது அப்பாவால். அவர் லாரி ஓட்டியவர். முதுகெலும்பு தேய்ந்து இப்போது வீட்டில் படுத்தபடி, மெயின் ரோட்டில் போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டே "கியர் மாத்தத் தெரியாத கழுதை" என்று முகம் தெரியாதவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிறாள். தங்கை நர்சிங் படிக்கிறாள். அதாவது, ஃபீஸ் கட்டுகிற வரைக்கும் படிப்பாள். சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி வருவது என்னுடையது ஒன்றுதான். ஆகவே காதல் கீதல் எல்லாம் நமக்கு ஒத்துவராது என்று தீர்மானமாக இருந்தேன். தீர்மானமாக இருக்கிறவர்கள் வாசலில்தான் அது வந்து ஹாரன் அடிக்கும் போலிருக்கிறது.

வந்தவனுக்கு எங்கள் ஸ்கூலில் வைத்த பெயர் ஆயுள் சந்தா. டெஸ்டில் தவறிவிட்டு மறுபடி மறுபடி வந்து சேர்ந்துகொண்டே இருந்ததால் அந்தப் பெயர். டைல்ஸ் கடைக்காரர் வீட்டு ஒரே பிள்ளை. கடை என்றால் நீங்களும் நானும் நினைக்கிற கடை இல்லை. ஒரு தெருவையே அடைத்துக்கொண்டு, கண்ணாடி கண்ணாடியாக நிற்கும். உள்ளே போனால் நம் செருப்பைப் பார்த்து நமக்கே வெட்கமாக இருக்கும். அவர்கள் வீட்டு டிரைவர் வயதாகி நின்றுவிட்டார். புது டிரைவர் யாரும் அவன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நீயே கத்துக்கோடா" என்று அனுப்பிவைத்தார்.

டெஸ்டில் எல்லாம் சரியாகத்தான் செய்வான். மேடுதான் கண்டம். மைதானத்தில் ஒரு மண்மேடு போட்டிருப்பார்கள். பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்பி மேலே போக வேண்டும். அன்றைக்கு என் சீட்டில் அதிகாரி உட்கார்ந்திருப்பார். அவர் காலை நீட்டிக்கொண்டு சும்மா இருப்பார். நான் வெளியே மரத்தடியில் நின்று நகம் கடிப்பேன். ஆயுள் சந்தா ஒவ்வொரு தடவையும் அந்த மேட்டில் ஏறி, நின்று, அலங்காரத் தேர் மாதிரி மெதுவாகப் பின்னால் இறங்கி வருவான்.

முதல் தடவை நான் திட்டத்தான் போனேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"டீச்சர், பாஸ் ஆயிட்டா நாளைலேர்ந்து எப்படி வர்றது? அதான் வேணும்னே விட்டுட்டேன்."

எனக்கு வாழ்க்கையில் யாரும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைக்கூட என் தங்கை விட்டுத்தர மாட்டாள். எனக்காக ஒருவன் அரசாங்கப் பரீட்சையிலேயே தோற்கிறான் என்றால் மனசு என்ன கல்லா? விழுந்துவிட்டேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, "அடுத்த கியர் போடுங்க" என்றேன். அவ்வளவுதான். மூன்றாவது தடவை தவறியபோது நான் "நீங்க"வை விட்டு "நீ"க்கு வந்திருந்தேன்.

எங்கள் காதல் மொத்தமும் அந்த வண்டிக்குள்தான். வேறு இடம் கிடையாது. அவன் போகும் இடங்களில் ஒரு காபி விலைக்கு எங்கள் வீட்டில் ஒரு வாரக் காய்கறி வாங்கலாம். நான் போகும் இடங்களில் அவனை உட்கார வைத்தால் சுற்றியிருப்பவர்கள் டீயை மறந்து அவனைப் பார்ப்பார்கள். ஒரு தடவை பஸ்ஸில் போகலாம் என்று ஆசைப்பட்டான். ஏறினோம். ஏறியதும் நேராக டிரைவரிடம் போய், "அண்ணே, அந்தப் பச்சை கேட் தாண்டி லெஃப்ட்ல ஒரு டீக்கடை, அங்க நிறுத்திடுங்க" என்றான். பஸ்ஸே சிரித்தது. அவனுக்கு ஏன் என்று புரியவில்லை, அவனும் சேர்ந்து சிரித்தான். கெட்ட பிள்ளை இல்லை. யாராவது கொண்டுபோய் விட்டே பழக்கப்பட்ட பிள்ளை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று அவன்தான் முதலில் சொன்னான். வண்டியை யூ டர்ன் எடுக்கும்போது சொன்னான். நான்தான் மீதி வட்டத்தைச் சுற்றி முடித்தேன்.

"உங்க அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்றேன். அவங்க நல்ல மூட்ல இருக்கும்போது சொல்லணும்."

"எப்ப நல்ல மூடு வரும்?"

"பாத்துட்டே இருக்கேன்."

மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் இலவு காத்த கிளி மாதிரி அவன் அம்மாவின் மூடைக் காத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நகை வேண்டாம், பங்களா வேண்டாம். அவன் அம்மாவின் கண்முன்னால் ஒரே ஒரு தடவை அவன் என் பக்கம் வந்து நிற்க வேண்டும். அது நடந்தால் மீதியை நான் பார்த்துக்கொள்வேன். அது நடக்கவில்லை என்றால் இதற்குப் பெயர் காதல் இல்லை, டிரைவிங் கிளாஸ்.

ஒரு நாள் மூடு தானாகவே கிளம்பி வந்தது. அதாவது, அவன் அம்மாவே வந்தார்.

"எம் பையன் ஏன் ஃபெயில் ஆயிட்டே இருக்கான்னு நானே பாக்கறேன்" என்று எங்கள் முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஓட்டை உடைசல் ஸ்கூல் வண்டியின் பின்சீட்டில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வண்டி முழுக்க வாசனை. எனக்குக் கையெல்லாம் வேர்த்தது. ஆயுள் சந்தா மட்டும் பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறிய பையன் மாதிரி உற்சாகமாக இருந்தான்.

அன்றைக்கு அவன் மாதிரி யாரும் ஓட்டியிருக்க முடியாது. அதாவது, என்னை மாதிரி. சந்தில் வளைத்தான், மாட்டு வண்டி போகிற இடுக்கில் நுழைந்தான், ஆற்றுப்பாலத்து ஏற்றத்தில் நிறுத்திப் பூ மாதிரி எடுத்தான்.

"அம்மா, பாத்தியா? மேடு! மேடு ஏறிட்டேன்!"

"பாத்தேன் கண்ணா" என்றார் பின்சீட்டிலிருந்து. "அந்தப் பொண்ணோட செருப்பு நல்லா இருக்கு."

 அவர் ரோட்டைப் பார்க்கவேயில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவே குனிந்து, அத்தனை நேரமும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏம்மா, எனக்காக ஒண்ணு செய்யேன். ரெண்டு காலையும் தூக்கி சீட்ல மடிச்சு வெச்சுக்கோ."

வேறு வழியில்லை. சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வண்டி ஒரு குதி குதித்தது. அப்புறம் விக்கல் எடுத்தது. அப்புறம் நின்றே போனது. ஆயுள் சந்தா சாவியைத் திருப்பினான்; மறுபடி விக்கல், மறுபடி மௌனம். பின்னால் வந்த ஆட்டோக்காரர் எங்கள் மூன்று பேர் குடும்பத்தையும் சேர்த்து விசாரித்துவிட்டுப் போனார்.

"பொறந்ததிலேர்ந்து நான் அழுத்திட்டிருந்த பிரேக்கு" என்றார் அவன் அம்மா, கோபமே இல்லாமல். "இப்ப நீ அழுத்திட்டிருக்க. அதானே?"

அவனைத் தண்ணீர் பாட்டில் வாங்கிவரச் சொல்லி அனுப்பினார். அவன் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"நீ நல்லா ஓட்டறம்மா. எங்க வீட்டுக்கு ஒரு டிரைவர் வேணும். வந்துடேன். இங்க வாங்கறதுல ரெண்டு பங்கு தர்றேன். தங்கச்சி படிக்குதாமே? பாவம், நிறுத்திடக் கூடாது."

தங்கை படிப்பது வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"எங்க வீட்ல டிரைவரை மரியாதையா நடத்துவோம்" என்று தொடர்ந்தார். "பழைய டிரைவரைக் கேட்டுப் பாரு. பின்பக்கம் தனி ரூம். அவருக்குன்னு தனி கப்பே வெச்சிருந்தோம்."

என்ன மூளை! திட்டவில்லை, மிரட்டவில்லை, "எம் பையனை விட்டுடு" என்று அழவில்லை. சம்பளம் கொடுத்து வீட்டுக்கே கூப்பிடுகிறார். டிரைவராக உள்ளே போய்விட்டால் அப்புறம் அந்த வீட்டில் நான் வேறு எதுவாகவும் ஆக முடியாது. தனி கப்பில் காபி குடித்துக்கொண்டே அவனுக்குப் பெண் பார்க்கப் போகும் காரையும் நானே ஓட்ட வேண்டியதுதான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்தவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் கோணும், "எங்கம்மா அப்படியா கேட்டாங்க" என்று கொதிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

"சூப்பர்!" என்றான். "தினமும் பாத்துக்கலாம்! பெட்ரோலும் அம்மா காசு!"

நான் அவனைப் பார்த்தேன். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு. உங்க வீட்டுக்குள்ள நான் எந்தக் கதவு வழியா வருவேன்?"

உண்மையாகவே யோசித்தான். "கராஜ் கதவு இருக்கே. ரிமோட்ல திறக்கும். நீ இறங்கவே வேணாம்."

இவனை என்ன செய்வது? கையிலிருந்த தண்ணீரை வாங்கி முழுக்கக் குடித்தேன். அப்புறமும் ஆத்திரம் அடங்கவில்லை.

"எனக்காகத்தானே மூணு தடவை ஃபெயில் ஆன? அது மாதிரி எனக்காக இன்னொண்ணு பண்ணு. இன்னைக்கே உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு."

அவன் ஷூவைப் பார்த்தான். ஷூவில் ஒன்றுமில்லை.

"அது வந்து... முதல் தடவை நிஜமாவே ஃபெயில்தான்."

"ரெண்டாவது தடவை?"

"அதுவும்."

"மூணாவது?"

"மூணாவது தடவைதான் ரொம்ப டிரை பண்ணேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் நுணலுக்கே பாடம் எடுப்பான். எனக்காக ஒருவன் தோற்றான் என்று ராத்திரியெல்லாம் தலையணையைக் கட்டிக்கொண்டு பூரித்தேனே, அது வெறும் கிளட்ச் கோளாறு! அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்தது. "வண்டிய நானே ஸ்கூல்ல விட்டுக்கறேன். நீ இறங்கு" என்றேன். இறங்கினான். கண்ணாடியில் பார்த்தேன். அந்த ரோட்டில் வீட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றான். வண்டியைத் திருப்பிப் போய் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று கால் துடித்தது. நிறுத்தவில்லை.

வீட்டில் சொன்னால் திட்டுவார்கள் என்று நினைத்து, சம்பளத்தை மட்டும் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கல்லூரியில் ஃபீஸ் பாக்கி நோட்டீஸ் ஒட்டியிருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அப்பா படுத்த இடத்திலிருந்தே கேட்டார், "பெரிய வண்டியா? ஆட்டோமேட்டிக்கா?"

"இல்லப்பா, கியர் வண்டிதான்."

"அது வண்டி!" என்றார். அவர் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எங்கள் வீட்டில் பசி அளவுக்குப் போகவில்லை, பயம்தான். அதற்கே ஏழெட்டு பறந்துவிட்டது. அவன் அம்மாவுக்குப் போன் செய்து வருகிறேன் என்றேன். ஸ்கூல் முதலாளியிடம் மட்டும் வேலையை விடுகிறேன் என்று சொல்லவில்லை. காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த நாள் காலை, ரிமோட் கதவு வழியாகத்தான் போனேன். வண்டி உண்மையிலேயே நல்ல வண்டி. சீட்டில் உட்கார்ந்தால் இடுப்புக்கு யாரோ கை கொடுத்த மாதிரி இருந்தது. அப்பாவுக்கு இப்படி ஒன்று கிடைத்திருந்தால் முதுகு தப்பியிருக்கும். அவன் அம்மா வந்து பின்சீட்டில் ஏறினார். "கடைக்குப் போய்ட்டு, அங்கேர்ந்து பேங்க்" என்றார். நான் "சரிங்க மேடம்" என்றேன். 

அப்போது ஆயுள் சந்தா ஓடி வந்தான். தலைக்குக் குளித்து, நல்ல சட்டை போட்டு, என்னைப் பார்த்துக் கல்யாண வீட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டே வந்தான். வந்தவன் பின்கதவைத் திறந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

யோசித்துச் செய்யவில்லை. அதுதான் வலித்தது. பிறந்ததிலிருந்து டிரைவர் இருந்தால் அவன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், கை தானாக அந்தக் கதவுக்குப் போய்விட்டது. என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. உள்கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் என் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டு வருகிறான்!

"கண்ணா, பெல்ட் போட்டுக்கோ" என்றார் அவன் அம்மா. போட்டுக்கொண்டான்.

ஆற்றுப்பாலம் வரைக்கும் பொறுத்தேன். ஏற்றம் தொடங்கும் முன் ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். ஒரு நிமிஷம்." திரும்பி அவனைப் பார்த்தேன். "நீ எங்க உக்காந்திருக்கேன்னு பாரு."

அவன் பதறிப்போய்ச் சீட்டைப் பார்த்தான். பேன்ட்டில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். பிறகு முன்சீட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மெல்ல மெல்ல அவன் முகம் மாறியது. மழை வரப்போகும் மைதானம் மாதிரி ஆனது.

"முன்னாடி வர்றதுன்னா வா" என்றேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். "இல்லன்னா சாவிய மேடம்கிட்ட குடுத்துட்டு நான் போறேன். இந்தச் சம்பளம் எங்க வீட்டுக்கு எவ்ளோ வேணும்னு எனக்குத் தெரியும். ஆனா தினமும் உன்னைக் கண்ணாடில பாத்துட்டு என்னால ஓட்ட முடியாது. எங்கயாவது மோதிடுவேன்."

"கண்ணா, உக்காரு" என்றார் அவன் அம்மா.

அவன் பெல்ட்டைக் கழற்றினான். அது உடனே கழலவில்லை. சிக்கிக்கொண்டு, இழுத்து, ஒரு வழியாக விடுபட்டு இறங்கினான். ரோட்டில் இரண்டு கதவுக்கும் நடுவே நின்றான்.  எனக்குத் தங்கையின் கை ஞாபகம் வந்தது, அப்பாவின் "அது வண்டி!" ஞாபகம் வந்தது. வேலையையும் விட்டு, இவனையும் விட்டுவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

அவன் பக்கத்து சீட்டுக்கு வரவில்லை. சுற்றிக்கொண்டு என் கதவுக்கு வந்தான்.

"நகந்துக்கோ."

"என்ன?"

"நான் ஓட்டறேன்."

"மேடு இருக்கு."

"தெரியும்." அவன் குனிந்து பின்சீட்டைப் பார்த்தான். காது இரண்டும் சிவந்திருந்தன. "அம்மா, நான் இவளத்தான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். நீ நல்ல மூட்ல இருக்கும்போது சொல்லலாம்னு பாத்துட்டே இருந்தேன். நீ ஒரு நாள்கூட இல்ல."

அவன் அம்மா கைப்பையை மூடினார். டக்கென்ற அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"முதல்ல மேட்டைத் தாண்டு. அப்புறம் மத்ததைப் பேசு."

என் பையில் காந்தம் வைத்த எல் போர்டு எப்போதும் இருக்கும், தொழில் தர்மம். இறங்கிப்போய் அந்தப் பளபளக்கும் வண்டியின் முன்னாலும் பின்னாலும் ஒட்டிவிட்டு வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். பின்னால் ஒட்டும்போது அவன் அம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். மாப்பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்த மாதிரிதான் இருந்திருக்கும்.

பாதி ஏற்றத்தில் சிக்னல் விழுந்தது. நின்றோம். பின்னால் ஒரு பஸ், மூக்கு எங்கள் டிக்கியை உரசுகிற மாதிரி வந்து நின்றது. பச்சை வந்தது. வண்டி குதித்து அணைந்தது. மறுபடி கிளப்பினான், மறுபடி அணைந்தது. பஸ் ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இருந்தவர்களும் கச்சேரியில் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது தடவை வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. நான் என் பலத்தையெல்லாம் சேர்த்துக் காலை அழுத்தினேன். வெறும் தரை. பின்சீட்டிலும் தொம்மென்று ஒரு சத்தம். அவன் அம்மாவும் அழுத்தியிருக்கிறார். அங்கேயும் வெறும் தரைதான்.

வண்டி நின்றது. அவன் நிறுத்தியிருந்தான்.

ஹேண்ட் பிரேக் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பிடித்தால் போதும், எல்லாவற்றையும் நானே சரிசெய்துவிடுவேன். கை அதுவரைக்கும் போய்விட்டது. கஷ்டப்பட்டுத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டேன்.

"கிளட்ச்சை மெதுவா விடு" என்று மட்டும் சொன்னேன். "வண்டி லேசா நடுங்கும் பாரு. அந்த இடத்துல பிரேக்கை விடு."

இதை அவனுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அவன் கால் அந்த நடுக்கத்தை ஒருநாளும் உணர்ந்ததில்லை. உணர என் கால் விட்டதில்லை.

"நடுங்குது!" என்று கத்தினான். "ஏய், நிஜமாவே நடுங்குது!"

"விடு! விடு!" என்று நானும் கத்தினேன். "விடுடா!" என்று பின்னாலிருந்தும் ஒரு குரல் வந்தது. வண்டி ஒரு நொடி யோசித்தது, பிறகு ஏறியது. பாலத்து உச்சியில் ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். வெட்கமெல்லாம் ஒன்றும் இல்லை. சந்தோஷமாக இருந்தது, சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பக்கம் இறங்கியதும் வண்டியைக் கோணல்மாணலாக நிறுத்தினான். மூன்று பேரும் இறங்கினோம். பஸ் எங்களைத் தாண்டிப் போனது; டிரைவர் எட்டிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"நான் சொல்லிட்டேன்ல, மேட்டைத் தாண்டினா பேசலாம்னு" என்றார் அவன் அம்மா. புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் நன்றாகவே வேர்த்திருந்தது. "பேசறேன். எனக்கு டிரைவர் வேணாம். இவன்தான் ஓட்டறானே."

வேலை போனது. ஒரு நாள்கூட முழுதாகப் பார்க்கவில்லை. மாதக்கணக்கில் நானே கற்றுக்கொடுத்து, நானே என் சம்பளத்துக்கு வேட்டு வைத்திருக்கிறேன். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான். தங்கையிடம் என்ன சொல்வது? காய்ச்சல் சரியாகிவிட்டது என்று நாளைக் காலையில் ஸ்கூலில் போய் நிற்க வேண்டியதுதான்.

"கல்யாணத்தைப் பத்தி நான் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்று தொடர்ந்தார். "ரெண்டு பேரும் பல்லக் காட்டாதீங்க. சாவியக் குடு."

அவன் கொடுத்தான். அவர் விறைப்பாக நடந்து வண்டிக்குப் போனார். கதவைத் திறந்தார். அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது, அவருக்கு ஓட்டத் தெரியாது. சாவி அவர் கையில் இருக்கிறது. ஓட்டத் தெரிந்த இரண்டு பேரும் ரோட்டில் நிற்கிறோம். என்னிடம் கொடுத்தால் நான் மறுபடி டிரைவர். அவனிடம் கொடுத்தால் நான் அவன் பக்கத்தில். சாவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். 

சாவியை அவனிடம் நீட்டினார். நான் முன்கதவுப் பக்கம் போகப் போனேன்.

"நில்லு. அங்க நான் உக்காரணும்" என்றார். "இவனைப் பின்னாடிலேர்ந்து பாத்துட்டு வர எனக்கு நெஞ்சுல தெம்பில்ல. நீ பின்னாடி உக்காரு."

அந்தப் பெரிய பின்சீட்டில் நான் ஒருத்தியாக உட்கார்ந்தேன். எங்கே சாய்வது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன்சீட்டில் அவர் பெல்ட்டைப் போட்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தயாரானார்.

"பேங்குக்குத் தானம்மா?" என்றான் அவன்.

"பேங்க் எங்கயும் ஓடிடாது. முதல்ல இந்தப் பொண்ணை வீட்ல விடு." திரும்பாமலே என்னைக் கேட்டார், "எங்கம்மா உங்க வீடு?"

சொன்னேன். அந்தப் பேரைக் கேட்டு அவர் தோள் லேசாக விறைத்தது எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் சொல்லக் கூசியது, ஆனாலும் சொன்னேன்.

"மேடம், எங்க தெருக்குள்ள இந்த வண்டி நுழையாது."

 அவன் சாவியில் கை வைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நுழையற வரைக்கும் போகட்டும்" என்றார். "மீதியை நடந்துக்கலாம்."